பாதிச் சவரம்

எனக்குப் பாகூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கடலூரில் எங்கள் தெருவே சிரித்தது. அப்போது எங்கள் பக்கம் மதுவிலக்கு. பெண்ணையாற்றைத் தாண்டினால் பிரெஞ்சுக்காரன் ஊர், அங்கே கடை உண்டு. எங்கள் தெரு ஆண்களுக்குப் பாகூர் என்றால் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் மிதித்துப் போய், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வருகிற இடம். "நல்ல ஊருலதான் பொண்ணைக் குடுக்கறீங்க, போக வர ஒரு சாக்காச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரர் என் அப்பாவிடமே சொன்னார். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். கல்யாணத்துக்கு அவர் வந்தபோது பந்தியில் அவர் இலைக்கு மட்டும் பாயசம் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி தங்கையிடம் சொல்லி வைத்தேன்.

நான் வாழ வந்தது ஐம்பத்தேழில். பிரெஞ்சுக்காரன் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது, ஆனால் அவன் தூக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். மேரி என்று அவர்கள் சொல்லுகிற ஊர் ஆபீஸ் பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினால் மூன்று மணிக்குத்தான் திறக்கும். சரி, ஆபீஸ் தூங்கட்டும். மளிகைக் கடை ஏன் தூங்க வேண்டும்? டீக்கடை ஏன் தூங்க வேண்டும்? கடைத்தெருவில் படுத்திருக்கிற நாய்கூட பன்னிரண்டு அடித்தால் எழுந்து நிழலுக்குப் போய்ப் படுக்கும். வந்த புதிதில் ஒரு நாள் குழம்பு கூட்டப்போகிற நேரத்தில் புளி இல்லை. ஓடிப்போய்க் கடைக்காரரை எழுப்பினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, புளி எங்கேயும் போய்விடாது, மூன்று மணிக்கு வா தங்கச்சி என்றார். அன்றைக்கு மோரை ஊற்றிச் சாப்பிட்டோம். ரயிலும் கப்பலும் சினிமாக் கொட்டகையுமாக இருந்த ஊரிலிருந்து வந்தவளுக்கு இது ஊரா, இல்லை யாராவது மறந்துவிட்டுப் போன சாமானா என்று இருந்தது.

வீட்டில் இரண்டே பேர், நானும் மாமனாரும். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். என் வீட்டுக்காரருக்குப் புதுச்சேரி மில்லில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடியலில் போய்விடுவார். மாமனாருக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை. உயரமான ஆள், நிதானமாக நடப்பார், நிதானமாகப் பேசுவார். ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு அவசரம். ஊரில் எது நடந்தாலும் அது அவருக்கு முதலில் தெரிந்தாக வேண்டும். யார் வீட்டு மாடு கன்று போட்டது, எந்த மதகில் தண்ணீர் திறந்தார்கள், குருவிநத்தத்தில் யார் பெண்ணை யார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று காலையில் கடைத்தெருவைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டு வருவார். பதினொன்றரைக்குச் சோற்றில் கை வைத்ததும் ஒன்றொன்றாக அவிழ்ப்பார். புதன்கிழமைகளில் சவரம் செய்துகொள்ளப் போவதால் அன்றைக்குச் செய்தி கூடுதலாக இருக்கும். அவர் சொல்லுவதை நான் பாதி காதில்தான் வாங்குவேன். தெரியாத ஆட்களின் மாடு கன்று போட்டால் எனக்கு என்ன?

நான் பதினோராம் வகுப்புப் பாஸ் செய்தவள். கல்யாணக் களேபரத்தில்தான் ரிசல்ட் வந்தது, வீட்டில் யாரும் வாய் நிறைய ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சர்ட்டிபிகேட் பெட்டியின் அடியில் கூறைப்புடவைக்குக் கீழே கிடந்தது. பாகூருக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து, கோயிலுக்குப் போகிற வழியில் மேரிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். புதுசு புதுசாகப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள், தமிழ் சொல்லிக்கொடுக்க டீச்சர் வேண்டும், டிரெயினிங்குக்கு ஆள் எடுக்கப் புதுச்சேரியில் பரீட்சை. மூன்று தடவை படித்தேன். கோயிலுக்குள் போய் என்ன கும்பிட்டேன் என்று ஞாபகமில்லை.

மாமனாரைக் கேட்டிருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், பக்கத்துத் தெருவில் ஒரு பெண் நர்ஸ் வேலைக்குப் போன செய்தியை அவர் சோற்றோடு சேர்த்துச் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, பொம்பளை சம்பாதித்துத்தான் அந்த வீட்டில் உலை வைக்க வேண்டுமா என்று ஒரு வார்த்தையும் சேர்த்தார். அதை நான் முழுக் காதில் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரரைக் கேட்டால், அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தலையைச் சொறிவார். பரீட்சை ஒரு தடவை கை நழுவினால் அடுத்தது எப்போதோ, அதற்குள் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று ஆகிவிடும். யாருக்கும் சொல்லாமல் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் அந்த மத்தியானத் தூக்கம் எனக்குத் தெய்வமாக வந்தது. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், யாரும் கூப்பிட மாட்டார்கள். மாமனாரின் குறட்டை கூடத்திலிருந்து வந்துகொண்டிருக்கும். நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கணக்குப் போடுவேன். அந்த ஊரின் அமைதியை எவ்வளவு திட்டியிருப்பேன்! ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஊரே எனக்காக வாயை மூடிக்கொண்டிருப்பது போல இருந்தது. சத்தியமாகச் சொல்லுகிறேன், அதற்கப்புறம் அத்தனை அமைதியில் நான் எதையும் படித்ததில்லை.

தபால்காரரிடம் மட்டும் சொல்ல வேண்டி வந்தது. ஹால்டிக்கெட் வீட்டுக்கு வந்தால் மாமனார் கையில் விழுந்துவிடும். என் கையில்தான் கொடுக்க வேண்டும், வேறு யாருக்கும் மூச்சு விடக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டேன். அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பாவம், நல்ல மனுஷன். அவர் யாரிடமும் சொல்லவில்லை, தன் பெண்சாதியிடம் மட்டும் சொன்னார், யாரிடமும் சொல்லாதே என்று. அந்தம்மா வெற்றிலைக் கடைக்காரியிடம் மட்டும் சொன்னாள், அதே கண்டிஷனோடு. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது நான் என்னவோ பெரிய துப்பறிகிறவள் மாதிரி புடவைத் தலைப்புக்குள் ஹால்டிக்கெட்டை ஒளித்துக்கொண்டு போனேன்.

பரீட்சை ஒரு புதன்கிழமை வந்தது. அம்மாவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று மாமனாரிடம் சொல்லியிருந்தேன். கடலூர் பஸ் ஏறுவது, கன்னியக்கோயிலில் இறங்குவது, அங்கே மெயின் ரோட்டில் புதுச்சேரி பஸ் பிடிப்பது என்று திட்டம். கிளம்பும்போது மாமனார் ஒரு பை நிறையக் கத்திரிக்காயைக் கொண்டுவந்து நீட்டினார். சம்பந்தி வீட்டுக்காம், காலையில் பறித்தது. வாங்கிக்கொண்டேன். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நானும் வரேம்மா, சம்பந்தியப் பாத்து நாளாச்சு. ஒரு சவரம் பண்ணிக்கினு வந்துடறேன், பஸ்ஸுல எடம் போட்டு வை" என்றார்.

அவருக்கு முன்னால் எப்படிக் கன்னியக்கோயிலில் இறங்குவது? கடலூர் போய்த் திரும்பிப் புதுச்சேரி போவதற்குள் பரீட்சையே முடிந்துவிடும். உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டாலும் பரீட்சை போச்சு. உண்மையைச் சொல்லலாம் என்றால் வாய் வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன். எதிரிலேயே சவரக் கடை, ஒற்றை நாற்காலி. மாமனார் கழுத்தில் துண்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெற்றிலைக் கடைக்காரி என் முகத்தைப் பார்த்து என்னம்மா என்று கேட்டாள். மாமாவும் கடலூருக்கு வருகிறார் என்றேன், அவ்வளவுதான் சொன்னேன். அவள் எழுந்து தெருவைத் தாண்டிப் போனாள். சவரக் கடை வாசலில் சுண்ணாம்பு டப்பாவைத் தேடுகிற மாதிரி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பஸ் வந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். சவரக் கடையிலிருந்து மாமனார் வெளியே வந்தார். ஒரு கன்னம் பளபளவென்று இருந்தது, இன்னொரு கன்னத்தில் நுரை. சவரக்காரர் கத்தி மொண்ணையாகிவிட்டது, இதோ தீட்டிக்கொண்டு வருகிறேன் என்று பின்பக்கமாகப் போனவர் போனவர்தான். பாதி முகத்தோடு கடைத்தெருவில் இரண்டடி வைத்தார் மாமனார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆறேழு பேரும் சொல்லி வைத்தாற்போல ஏரிக்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கண்டக்டர் தலையை நீட்டி, ஐயா வருகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். மாமனார் நுரைக் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு, நீ போம்மா என்று ஜாடை காட்டினார்.

பஸ் ஏரிக்கரையைத் தாண்டின பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எந்தச் சாமி செய்த வேலை இது என்று நினைத்துக்கொண்டே கடலூருக்கு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் கிழித்துக் கொடுத்தது கன்னியக்கோயில் டிக்கெட். "அங்க எறங்கிக்கோ அண்ணி. புதுச்சேரி பஸ்ஸுக்கு நேத்தே சொல்லி வெச்சிட்டேன், நீ வராம எடுக்க மாட்டாங்க" என்றார். எனக்குக் காது மடல் சுட்டது. அவமானமா, சந்தோஷமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கன்னியக்கோயிலில் அந்த பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

கத்திரிக்காய்ப் பையோடு போய்ப் பரீட்சை எழுதின ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். பெஞ்சுக்கு அடியில் வைத்தேன், கால் பட்டு இரண்டு காய் உருண்டு முன்வரிசைக்குப் போய்விட்டது. பரீட்சை நன்றாக எழுதினேன். வெளியே வரும்போது அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மாவிடம் பையோடு கொடுத்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமனார் முழுச் சவரத்தோடு உட்கார்ந்திருந்தார். சம்பந்தி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். கத்திரிக்காய் பிடித்ததாமா என்று கேட்டார். ரொம்பப் பிடித்ததாம் என்றேன். அவர் முகம் மலர்ந்துபோனது. அந்த மலர்ச்சியைப் பார்க்க என்னால் முடியவில்லை, தண்ணீர் எடுக்கிற சாக்கில் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், ஊர் தூங்குகிற நேரத்தில் தபால்காரர் பின்கதவைத் தட்டினார். எனக்கு இடம் கிடைத்திருந்தது. கூடவே ஒரு பாரம். வீட்டுப் பெரியவர் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுப் பத்து நாளைக்குள் சேர்க்க வேண்டும். சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் காட்டினேன். சந்தோஷப்பட்டார், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா இருக்கும்போது நான் எப்படிப் போடுவது, நீயே சமயம் பார்த்துச் சொல்லு என்று திங்கட்கிழமை பஸ் ஏறிவிட்டார். எப்படிச் சொல்லுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இரண்டு நாளை ஓட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

புதன்கிழமை மாமனார் சவரத்துக்குப் போனார். கடிதம் வந்த விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. வந்த கடிதத்தை மருமகள் மாமனாரிடம் காட்டாமலா இருப்பாள் என்று சவரக்காரர் நினைத்துவிட்டார். நாற்காலியைத் தட்டிப் போட்டு, அன்றைக்குப் பாதியில் விட்டுப் போனதற்கு மன்னிக்க வேண்டும் ஐயா, டீச்சரம்மா வீட்டுக்கு இன்றைக்குக் காசு வேண்டாம் என்றாராம். எந்த டீச்சரம்மா என்று மாமனார் கேட்டாராம். டீக்கடையில் அத்தனை பேரும் மறுபடி ஏரிக்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்களாம்.

அன்று பதினொன்றரைக்கு அவர் சோற்றில் கை வைத்தார், ஒரு செய்தியும் சொல்லவில்லை. பாதியில் எழுந்து கை கழுவினார். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். பெண்கள் வேலைக்குப் போவதைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் திருப்பிச் சொல்ல நாலு பக்கம் மனப்பாடமாக இருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஊருக்கே தெரியுது. எனக்குத் தெரில" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "சொல்லியிருந்தா வுட்டிருப்பீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"வுட்டிருக்க மாட்டேன். ஆனா தெரிஞ்சிருக்கும் இல்ல?"

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்குக் குறட்டை வரவில்லை.

மறுநாள் அவர் கடைத்தெருவுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. வயலுக்குப் போவார், ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். நாற்பது வருஷமாக அந்த ஊரில் எல்லாம் தெரிந்த மனுஷன், தன் வீட்டுச் சமாசாரத்தைச் சவரக் கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டால் எந்த முகத்தோடு போவார்? வந்த நாளிலிருந்து நான்தான் அந்த ஊருக்கு அசலூர்க்காரி என்று கறுவிக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் ஊர் முழுக்க என் பக்கம் ஆகி, அவர் அசலூர்க்காரராகிவிட்டார். அதைச் செய்தவள் நான். பாரத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் பாரத்தைவிட அவர் சாப்பிடாமல் எழுந்ததுதான் என்னைப் போட்டு அரித்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஊர் அடங்கின பிறகு, அவர் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மேரிச் சுவரில் நோட்டீஸ் பார்த்ததிலிருந்து ஆரம்பித்தேன். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். கேள்வி வர ஆரம்பித்தது. முதலில் யாருக்குத் தெரியும்? தபால்காரருக்கு. அப்புறம்? அவர் பெண்சாதிக்கு. அவர் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். வெற்றிலைக் கடைக்காரி சுண்ணாம்பு டப்பா தேடினதைச் சொன்னபோது அவர் மீசை அசைந்தது. கண்டக்டர் டிக்கெட்டைச் சொன்னபோது, அந்தப் பயலுக்கு நான் பொண்ணு பாத்துக் குடுத்தேன் என்று முணுமுணுத்தார். எல்லாம் முடிந்தது.

"அந்தக் கத்திரிக்கா இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன். இரண்டு காய் உருண்டோடினதையும் சொன்னேன். அவர் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வர, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். பிறகு பாரத்தை எடுத்து வரச் சொன்னார். சின்ன வயசில் இரண்டு வருஷம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனவர், அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு தன் பெயர் ஒன்றுதான். அதைச் சுழித்துச் சுழித்து, அடியில் ஒரு கோடு இழுத்துப் போட்டார். மூன்று மணி அடித்ததும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

இரண்டு வருஷம் தினமும் பஸ்ஸில் போய் வந்து டிரெயினிங் முடித்தேன். நான் போகாமல் பஸ் கிளம்பாது, அதனாலேயே எனக்கு ஒரு நாளும் நிம்மதியாகத் தலை வாரிக்கொள்ள முடிந்ததில்லை. வேலைக்காகக் காத்திருந்து, பிரெஞ்சுக்காரனோடு பத்திரமெல்லாம் முடிந்து ஊர் சட்டப்படி கைமாறின அறுபத்திரண்டாம் வருஷம், புதுச்சேரி ஆபீஸில் ஆர்டரை என் கையிலேயே கொடுத்தார்கள். எங்கள் பாகூர்ப் பள்ளிக்கூடத்திலேயே வேலை. திரும்பி வருகிற பஸ் மில் வாசல் வழியாகத்தான் வந்தது. உள்ளே என் வீட்டுக்காரர் இருந்தார். நான் இறங்கவில்லை. கண்டக்டர் என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். வெற்றிலைக் கடைக்காரி கூப்பிட்டாள், தலைவலி என்று நடந்துவிட்டேன்.

மாமனார் வைக்கோலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஆர்டரைக் கொடுத்துப் படித்துச் சொன்னேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"யாருக்கும் தெரியாது மாமா. உங்க பிள்ளைக்கும் தெரியாது."

வைக்கோலைக் கீழே போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் சொல்லாத" என்றார்.

மறுநாள் புதன்கிழமை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சவரத்துக்குப் போனார். நாற்காலியில் சாய்ந்து முழு முகத்தையும் கொடுத்தார். ஐயா, இன்னா சேதி என்று சவரக்காரர் வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். ஒண்ணும் இல்லியேப்பா என்றாராம். டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார், தபால்காரரிடம் பேசினார், கடைத்தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு தடவை நடந்தார். பதினொன்றரைக்கு வந்து சோற்றில் கை வைத்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஒருத்தனுக்கும் தெரிலம்மா" என்றார்.